பழைய வூஃபரைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடக்கும் ஸ்டீரியோ பெட்டியை இறக்கித் துடைத்துப் பாட்டுப் போட்டுப் பார்க்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை வந்த 8 அங்குலம் முதல் 15 அங்குலம் வரையிலான வூஃபர்களே, அதாவது பெட்டியில் பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கர்களே, இங்கே பேச்சு. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

"போயிடுச்சு" என்று ஓரம் கட்டப்படும் வூஃபர்களில் பல உண்மையில் போகவில்லை. அதனால் எதையும் பிரிப்பதற்கு முன் முதல் நான்கு கேள்விகளையாவது படித்துவிடுங்கள்.

வூஃபருக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? எது எது கெட்டுப்போகும்?

முன்னால் தெரியும் கூம்பு கோன். பெரும்பாலும் காகிதம், சிலவற்றில் பாலிபுரொப்பிலீன். கோனின் வெளி விளிம்பை இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் மெத்தென்ற வளையத்தைக் கடைகளில் சரவுண்ட் என்றோ ரிங் என்றோ சொல்வார்கள். கோனின் அடியில் ஒரு சிறு குழாய், அதன்மேல் சுற்றிய செம்புக் கம்பி, இரண்டும் சேர்ந்ததுதான் காயில். மேக்னெட்டின் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் காயில் எங்கும் உரசாமல் மேலும் கீழும் போய்வர வேண்டும். அதை நடுவில் பிடித்து வைத்திருப்பது ஸ்பைடர் என்கிற மடிப்பு மடிப்பான துணி வட்டம். நடுவில் மூடியிருக்கும் சின்னக் கிண்ணம் டஸ்ட் கேப்.

வயதானால் முதலில் போவது சரவுண்ட். அடுத்து, கோனுக்குப் போகும் ஜடைக் கம்பி. காயில் தானாகக் கெடுவதில்லை, யாராவது கெடுத்தால்தான் உண்டு. மேக்னெட் அநேகமாகக் கெடுவதே இல்லை.

பாட்டு கேக்குது, ஆனா பேஸ் சுத்தமா இல்ல. வூஃபர் அவுட்டா?

முதலில் பின்பக்கம் போய் வயரைப் பாருங்கள். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒரு கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும், பாடகர் குரல் மட்டும் எங்கிருந்தோ வருவது போல மிதக்கும். ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றிச் செருகினால் பேஸ் திரும்பி வந்துவிடும். என்னிடம் வரும் "பேஸ் இல்லை" புகார்களில் இதுதான் அதிகம்.

அது இல்லையென்றால் இடது பெட்டியின் வயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். கோளாறு பெட்டியோடேயே இருந்தால் பெட்டியில் பிரச்சினை, பக்கம் மாறினால் ஆம்ப்ளிஃபையரில் பிரச்சினை. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே கூடாது.

மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தேன். 8 ஓம்ஸ்னு எழுதியிருக்கு, 6.2 தான் காட்டுது. காயில் பாதி ஷார்ட் ஆயிடுச்சா?

இல்லை, நல்ல காயில். எழுதியிருக்கும் 8 ஓம்ஸ் பாட்டு ஓடும்போது இருக்கும் மின்மறுப்பின் தோராய அளவு. மீட்டர் காட்டுவது கம்பியின் வெறும் டிசி தடை, அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். 8 ஓம்ஸ் வூஃபர் 5.5 முதல் 7 வரையும், 4 ஓம்ஸ் வூஃபர் 3 முதல் 3.7 வரையும் காட்டினால் சரி. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டர் வயர்களே அரை ஓம் சாப்பிட்டுவிடும்.

மீட்டர் எதுவும் காட்டாமல் திறந்த சுற்று என்றால் காயிலோ ஜடைக் கம்பியோ அறுந்திருக்கிறது. 1 அல்லது 2 ஓம் என்று காட்டினால் காயில் வெந்து சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வூஃபரை க்ராஸ்ஓவரிலிருந்து (பேஸை வூஃபருக்கும் மற்ற ஒலியைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று) கழற்றிவிட்டு அளந்தால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம் உண்டு.

மீட்டர் இல்லையா? ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுங்கள். டக்கென்று சத்தம் வந்து கோன் நகர்ந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. பேட்டரியின் பிளஸ் வூஃபரின் பிளஸ்ஸில் படும்போது கோன் வெளியே வர வேண்டும். ஜேபிஎல் கம்பெனியின் பழைய வூஃபர்களில் மட்டும் இது எதிர்மாறாக உள்ளே போகும். அவர்கள் அப்படித்தான் செய்தார்கள், அது கோளாறில்லை.

மீட்டர் சரியா காட்டுது, ஆனா சத்தம் விட்டு விட்டு வருது. வால்யூம் ஏத்தினா வருது, குறைச்சா போயிடுது.

ஜடைக் கம்பியைச் சந்தேகப்படுங்கள். சட்டத்தில் உள்ள டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் வளைந்த மெல்லிய கம்பி அது. நூலின்மேல் செம்பு இழைகளைப் பின்னிச் செய்தது. இருபது முப்பது வருடம் ஆடி ஆடி, கோனில் ஏறும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். பேட்டரியை வைத்துக்கொண்டு கம்பியை மெல்ல அசைத்தால் டக் டக் என்று விட்டு விட்டுப் பிடிப்பது தெரியும்.

கடையில் ஸ்பீக்கர் லீட் வயர் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். வீட்டில் கிடக்கும் சாதாரண வயரைப் போட்டால் சில நாளில் முறிந்துவிடும், கோனையும் இழுக்கும். ஈயம் வைக்கும்போது கம்பியின் நுனிக்கு மேல் ஈயம் ஏறவிடாதீர்கள். ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய், அது முடியும் இடத்தில் மறுபடி அறும். கம்பியின் நீளமும் பழையபடியே இருக்கட்டும். நீளமானால் கோனில் மோதிச் சத்தம் போடும், குட்டையானால் கோன் முழு வீச்சில் போகும்போது இழுபடும்.

கோன் ஓரத்துல இருந்த ஸ்பாஞ்ச் தொட்டாலே பொடிப்பொடியா கொட்டுது. அவ்ளோதானா?

இதற்காகத் தூக்கி எறியப்பட்ட நல்ல வூஃபர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இது ஃபோம் சரவுண்ட், சரிசெய்யக்கூடியவற்றிலேயே சுலபமானது. மற்ற பாகங்கள் அநேகமாகப் புதிது போலவே இருக்கும்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளாஸ் இருவரும் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, காற்றுப்புகாத சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வரவழைத்துக் காட்டினார்கள். பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங் வேலையைச் செய்யும், அதனால் கோனின் விளிம்பு மிக இளக்கமாக இருக்க வேண்டும். அந்த இளக்கத்துக்கு எழுபதுகளில் பல கம்பெனிகள் பாலியூரித்தேன் ஃபோமைப் பிடித்துக்கொண்டன. லேசானது, மென்மையானது, அதிர்வையும் நன்றாக அடக்கும். ஆனால் காற்றின் ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கின் கண்ணிகளை மெல்ல மெல்ல உடைத்துவிடும். பத்து முதல் இருபது வருடம்தான் ஆயுள். பாட்டே போடாமல் துணி சுற்றி வைத்திருந்தாலும் உதிரும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம்.

ஃபோம் உதிர்ந்த வூஃபரில் பாட்டுப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கோனைப் பிடிக்க ஸ்பைடர் மட்டுமே மிச்சம் என்பதால் காயில் சாய்ந்து உரசி, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

அந்த ரிங்கை நானே மாத்தலாமா, கடைக்குத்தான் போகணுமா?

பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம். அளவுதான் முக்கியம். "12 இன்ச் ரிங் கொடுங்க" என்று கேட்டால் போதாது. வளையத்தின் வெளி விட்டம், உள் விட்டம், நடுவில் உள்ள மேட்டின் அகலம், கோனில் ஒட்டும் விளிம்பு தட்டையா சாய்வா, இந்த நான்கையும் குறித்துக்கொண்டு போங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் தேடலாம்.

பழைய ஃபோமையும் பசையையும் முழுதாக எடுப்பதுதான் பாதி வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். காகிதக் கோனை நனைத்து ஊறவிடக் கூடாது. பாலிபுரொப்பிலீன் கோன் பக்கம் தின்னரைக் கொண்டுபோகவே கூடாது.

அடுத்தது நடுப்படுத்துவது. டஸ்ட் கேப்பைக் கத்தியால் சுற்றி வெட்டி எடுத்து, காயிலுக்கும் நடுவிலுள்ள இரும்புக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டுகளைச் சமமாகச் செருகுவது உறுதியான முறை. எக்ஸ்ரே ஃபிலிம் துண்டு இதற்கு நன்றாக உதவும். இப்போது வளையத்தை முதலில் கோனில் மட்டும் ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள், ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் சட்டத்தில் ஒட்டுங்கள். காகிதக் கோனுக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையே போதும், காய்வதற்குள் நகர்த்திச் சரிபார்க்க அவகாசம் தரும். பாலிபுரொப்பிலீனில் அது நிற்காது, அதற்கு ஏற்ற ரப்பர் பசை வேண்டும்.

டஸ்ட் கேப்பை வெட்ட மனமில்லையென்றால் இன்னொரு வழி உண்டு. சட்டத்தில் ஒட்டிய பசை ஈரமாக இருக்கும்போதே கைபேசியில் ஒரு டோன் செயலியைப் போட்டு, 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபையர் வழியாக மிகக் குறைந்த வால்யூமில் கொடுங்கள். உரசல் கேட்டால் வளையத்தை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துங்கள். சத்தமில்லாமல் கோன் ஆடும் இடம் கிடைத்ததும் அப்படியே காயவிடுங்கள்.

ஃபெவிக்விக் போட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுமே?

வேண்டாம். நகர்த்த அவகாசமே தராது, காய்ந்ததும் கண்ணாடி போல விறைக்கும். அடுத்த முறை பிரிக்கப் போகும்போது கோனையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும்.

ஃபோமுக்குப் பதிலா ரப்பர் ரிங் போட்டா காலத்துக்கும் உழைக்குமே?

உழைக்கும், ஆனால் ஒலி மாறும். ரப்பர் கனமானது, விறைப்பும் வேறு. ஃபோமுக்காக வடிவமைத்த வூஃபரில் அதைப் போட்டால் கோனின் ஆடும் எடை கூடி, சத்தம் சற்று மந்தமாகும். தடித்த, விறைப்பான வளையம் என்றால் வூஃபரின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறி ஆழமான பேஸ் குறையும். பழைய ஒலியே வேண்டுமென்றால் ஃபோமையே போடுங்கள், இன்னும் பத்து பதினைந்து வருடத்துக்குக் கவலையில்லை. முதலிலிருந்தே ரப்பர் இருந்த வூஃபருக்கு ரப்பர்தான். மேடைகளுக்கு வாடகைக்குப் போகும் 15 அங்குல வூஃபர்களின் மடிப்புத் துணி விளிம்பு இந்த வம்பே இல்லாமல் பல பத்தாண்டு நிற்கும்.

கோன்ல எலி கடிச்சு ஓட்டை. பேப்பர் ஒட்டினா போதுமா?

விரல் நீளக் கிழிசல், சின்ன ஓட்டை என்றால் போதும். டிஷ்யூ பேப்பரைக் கையால் கிழித்து (கத்தரித்த நேர் விளிம்பு பட்டையாகத் தெரியும்), தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் தோய்த்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு படலம். காய்ந்த பின் கறுப்பு மையால் தொட்டுவிட்டால் இடமே தெரியாது. எம்சீலைப் பூசி அடைத்த கோன்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் எடை கூடி, கோன் சமமாக ஆடாது.

கிழிசல் காயில் இருக்கும் நடுப்பகுதி வரை போயிருந்தாலோ, ஈரத்தில் காகிதமே நைந்து பூஞ்சை பிடித்திருந்தாலோ ஒட்டுவதில் பயனில்லை, கோன் மாற்ற வேண்டும்.

குழந்தை விரலால அமுக்கி நடுவுல இருக்குற மூடி உள்ள போயிடுச்சு.

ஒலிக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் ஊசி நுனியை லேசாக வளைத்து, ஓரமாகக் குத்தித் தூக்கி, துளையை ஒரு பொட்டுப் பசையால் அடைத்துவிடுங்கள்.

கோனைக் கையால அமுக்கினா சர்ர்னு உரசுது. இதுக்கு வழி உண்டா?

முதலில் சரியாக அமுக்குங்கள். இரண்டு கைவிரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துச் சமமாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் நல்ல வூஃபரும் உரசும்.

சமமாக அழுத்தியும் உரசினால் காரணங்கள் சில. பல வருடம் ஒரே நிலையில் நின்றதில் கோனின் எடைக்கு ஸ்பைடர் கீழே தொய்ந்திருக்கலாம். வூஃபரைக் கழற்றித் தலைகீழாக, அதாவது 180 டிகிரி சுற்றி மாட்டிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம், பல நேரம் பலிக்கும். இடைவெளியில் இரும்புத் தூள், துரு புகுந்திருக்கலாம். அதற்கு டஸ்ட் கேப்பை எடுத்து, ஒட்டுநாடாவை மடித்து உள்ளே விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். ஊதினால் போகாது, மேக்னெட் பிடித்து வைத்திருக்கும். காயில் வெந்து உப்பியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பெட்டி கீழே விழுந்த பிறகு உரசல் வந்திருந்தால் மேக்னெட்டே இடம் பெயர்ந்திருக்கலாம். அதை வீட்டில் தட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். பெரிய ஃபெரைட் மேக்னெட் விரலை நசுக்கிவிடும். அளவுகோல் வளையம் வைத்து நடுப்படுத்தி ஒட்டும் கடைக்காரரிடம் கொடுப்பதே நல்லது.

"மேக்னெட் பவர் குறைஞ்சிடுச்சு, வேற ஸ்பீக்கர் வாங்கிக்கோங்க"ன்னு சொல்றாங்களே, நிஜமா?

கறுப்பு வட்டமாக இருக்கும் ஃபெரைட் மேக்னெட் என்றால் நம்ப வேண்டாம். வீட்டு உபயோகத்தில் அதன் சக்தி உங்கள் பேரன் காலத்திலும் குறையாது. எழுபதுகளின் பிற்பகுதி வரை பரவலாக இருந்த ஆல்னிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) மேக்னெட் வேறு கதை. பலமான அதிர்ச்சியாலும் அளவுமீறிய மின்னோட்டத்தாலும் அது ஓரளவு வலிமை இழக்கும். திரும்பக் காந்தமேற்ற முடியும். ஆனால் ஆல்னிக்கோ மேக்னெட்டை இரும்புத் தகடுகளிலிருந்து பிரித்து எடுத்தாலே சக்தியின் பெரும்பங்கு போய்விடும், அதனால் அதைக் கழற்றவே கூடாது.

வூஃபரை வெளியே எடுத்துப் பாடவிட்டா சுத்தமா இருக்கு. பெட்டிக்குள்ள மாட்டினா கிர்ர்னு அதிருது.

அப்படியென்றால் வூஃபர் நிரபராதி. பெட்டியின் முன்வலை, தளர்ந்த திருகு, பிரிந்துபோன பலகை மூட்டு, கோனைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்வயர் என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே டோன் செயலியில் 30-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான் ஆள். துளையுள்ள பெட்டி என்றால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், கரப்பானும் குளவிக்கூடும் சகஜம்.

மூடிய பெட்டியில் காற்று கசிந்தாலும் புஸ் புஸ் என்று கேட்கும், பேஸும் குறையும். கோனை உள்ளே அமுக்கி விடுங்கள், நிதானமாகத் திரும்பி வந்தால் கசிவு இல்லை. சட்டென்று வந்தால், பேஸ் ஓடும்போது வூஃபர் விளிம்பருகே ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். கசியும் இடத்தில் புகை துள்ளும். வூஃபர் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் வளையத்தை மாற்றினால் தீர்ந்தது.

ஸ்பீக்கர் 100 வாட்ஸ், ஆம்ப் 50 வாட்ஸ்தான். அப்புறம் எப்படி காயில் கருகும்?

ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் திருகினால் அலையின் முனைகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அந்த நிலையில் 50 வாட்ஸ் ஆம்ப் இரண்டு மடங்கு வரை சக்தியைத் தள்ளும். கூடவே பேஸ் குமிழையும் முழுக்கத் திருப்பியிருந்தால் காயிலுக்கு ஓய்வே இல்லை. வீட்டு வூஃபருக்குப் போகும் மின்சாரத்தில் சுமார் 1 சதவீதம்தான் ஒலியாகிறது, மீதி அத்தனையும் காயிலில் வெப்பம். காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் தடை ஏறத்தாழ 40 சதவீதம் ஏறும், சத்தம் குறையும். "என்ன, சத்தம் குறையுதே" என்று இன்னும் திருகுவார்கள். அங்கேதான் கருகல் வாடை வரும்.

காயில் மாத்திக் கொண்டுவந்து மாட்டினேன், உடனே மறுபடியும் கருகிடுச்சு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

அவரைத் திட்டுவதற்கு முன் ஆம்ப்ளிஃபையரை அளந்து பாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, பாட்டு இல்லாமல் ஆன் செய்து, அவுட்புட்டில் டிசி வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் வந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். 35 வோல்ட் டிசி ஒரு 6 ஓம் காயிலில் போனால் 200 வாட்டுக்கு மேல், அதுவும் கோன் ஆடாமல் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும் நிலையில். எந்தக் காயிலும் தாங்காது. ஸ்பீக்கரை இணைத்ததும் கோன் முன்னாலோ பின்னாலோ நகர்ந்து அங்கேயே நின்றால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

காயில் கட்டக் கடைக்குக் கொடுக்குறேன். என்ன சொல்லிக் கொடுக்கணும்?

பழைய காயிலைத் தூக்கிப் போடாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். புதியது அதே விட்டம், அதே சுற்று உயரம், அதே ஓம்ஸ் இருக்க வேண்டும். உயரம் குறைந்தால் கோனின் பாய்ச்சல் குறைந்து, பேஸ் சீக்கிரம் சிதறும். கையிருப்பில் இல்லையென்று 8 ஓம்ஸ் இடத்தில் 4 ஓம்ஸ் போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. சத்தம் கூடின மாதிரி தெரியும், ஆனால் ஆம்ப்ளிஃபையர் சூடாகும், க்ராஸ்ஓவர் பிரிக்கும் இடமும் மாறிப்போகும். வாங்கும்போதே மீட்டரை வைத்துப் பாருங்கள், எண்கள் மேலே மூன்றாவது கேள்வியில் இருக்கின்றன.

இவ்ளோ பாடு எதுக்கு, அதே 12 இன்ச்ல புதுசு வாங்கி மாட்டிட்டா?

திருகு ஓட்டை பொருந்தும், ஒலி பொருந்துவது சந்தேகம். ஒரு வூஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, மூடியதா துளையுள்ளதா என்பதெல்லாம் அதன் அதிர்வெண், இளக்கம், மேக்னெட் பிடி இவற்றைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், பிறகு எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மாலும் இதைக் கணக்காக்கிக் கொடுத்தார்கள். இன்றைய வூஃபர்களோடு வரும் விவரத் தாள்களில் உள்ள எஃப்எஸ், கியூடிஎஸ், வாஸ் எண்கள் அவைதான். மூடிய சின்னப் பெட்டிக்காகச் செய்த பழைய வூஃபரின் இடத்தில், துளையுள்ள பெட்டிக்கான விறைப்பான மேடை வூஃபரை மாட்டினால் சத்தம் அதிகம் வரும், ஆழம் வராது. பழையதன் சட்டமும் மேக்னெட்டும் நன்றாக இருந்தால் புதிய கோனும் காயிலும் போடுவதே என் ஓட்டு. மேக்னெட் உடைந்து, சட்டம் வளைந்து போயிருந்தால்தான் புதியதைத் தேடுவேன், அப்போதும் அந்த எண்களைப் பார்த்துத்தான்.

ஒரு பக்கம் ஃபோம்தான் போயிருக்கு. இன்னொன்னு நல்லா இருக்கே, விட்டுடலாமா?

இரண்டும் ஒரே வயது. நல்லதாகத் தெரியும் ஃபோமை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், பள்ளம் அப்படியே நின்றாலோ பிசுபிசுத்தாலோ அதுவும் கிளம்பத் தயாராகிவிட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், அப்போதுதான் இரு பக்க பேஸும் ஒன்றுபோல இருக்கும். மாற்றிய முதல் சில மணி நேரம் மிதமான வால்யூமில் ஓடட்டும், புது வளையம் இளகிக்கொடுக்கும். மாட்டும்போது பிளஸ், மைனஸை மறுபடி ஒருமுறை பாருங்கள்.